பேர் சொல்லாமல் போட்ட ஃபோன்

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் நடவு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. கையெழுத்து கோணும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கேயோ போய்விடுவேன். பாதி மறந்தும் போய்விட்டது. புதுசாக வார்டு மெம்பர் ஆகியிருக்கிற பெண்களுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று ஒன்றியத்தில் பயிற்சி நடத்துகிற பெண் கேட்டாள். மைக்கில் பேசச் சொல்லியிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். எழுதிக் கொடுத்தால் போதும் என்றதால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தெருவிளக்கு, தண்ணி, சாக்கடை, கிராமசபை எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். இந்த வேலையில் என்னைத் தலைகுனிய வைத்ததும் அதுதான்.

பெண்களுக்கென்று சீட்டு ஒதுக்கினார்களே, அந்த முதல் தடவை நான் மெம்பர் ஆனேன். நானாக ஆகவில்லை. என் வீட்டுக்காரரின் தம்பி ஏழுமலை அப்போது ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளர். "அண்ணி, நீ சும்மா நில்லு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பார்கள். ஆனாலும் யார் எந்தக் கட்சி என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். நோட்டீஸில் என் படத்தைவிடக் கொழுந்தனார் படம் பெரிசு. ஜெயித்தேன்.

எங்கள் ஊர் வல்லம் வடகால் பக்கம். பேரை எழுதவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அப்போதுதான் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. நிலம் போன பணத்தில் ஆளாளுக்கு வரிசையாக ரூம் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வாடகைக்கு விட்டார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துப் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். ஊர் அவர்களை 'ரூம் பசங்க' என்று சொல்லும். வாடகை வாங்கும்போது தம்பி, ஏதாவது காணாமல் போனால் ரூம் பசங்க.

நான் மெம்பரான புதிதில், என் வார்டில் ஒரு பெண்ணின் மண்டையைப் புருஷன் உடைத்துவிட்டான். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் யாரும் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவரை முன்னால் விட்டுத்தான் போவோம். ஸ்டேஷனில் எழுத்தர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் போய் அவர் உட்கார்ந்தால்தான் நாம் சொல்வது காதில் விழும். அன்றைக்கு ஏழுமலை போய் உட்கார்ந்தார். நானும் அடிபட்ட பெண்ணும் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம்.

ஒரு ஏட்டம்மா வெளியே வந்தார். உயரமானவர், சிரிக்காத முகம்.

"வார்டு மெம்பர் வந்திருக்காங்கன்னாங்க. யாரும்மா மெம்பர்?"

"நான்தாங்க."

"அப்ப உள்ள உக்காந்திருக்கறது யாரு?"

முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் அடிபட்ட பெண்ணை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்து, அவள் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டு ஸ்டேஷன் ஃபோன் நம்பரைச் சொல்லி, மனப்பாடம் ஆகும்வரை பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்க வைத்தார்.

"எதுனா ஒண்ணுன்னா நீயே கூப்பிடு. உன் பேரச் சொல்லு, இந்த வார்டு மெம்பர்னு சொல்லு. வேற யார் பேரும் சொல்லாத."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஏழுமலை சிரித்தார். "பேரு சொன்னா வந்துருவாங்களா? அண்ணி, ஸ்டேஷன் நம்ம கையில கீது. நீ இன்னாத்துக்குக் கவலப்படற?" என்றார்.

பிறகு ஆட்சி மாறியது. ஏழுமலை எதிர்க்கட்சி ஆனார். அந்த நாற்காலியில் புது ஆளுங்கட்சிக்காரர், தெற்குத் தெரு தணிகாசலம் உட்கார்ந்தார். நேற்றுவரை "போலீஸ் இல்லாங்காட்டி ஊர் நாறிப்போவும்" என்ற ஏழுமலை, "போலீஸ் அவனுங்க வூட்டு வேலக்காரனுங்க" என்று ஆரம்பித்தார். நேற்றுவரை போலீஸைத் திட்டின தணிகாசலம், "சட்டம் தன் கடமையச் செய்யும்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். வார்த்தை எல்லாம் அதேதான். வாய்தான் மாறிப்போனது. நான் இரண்டாம் தடவையும் மெம்பர் ஆகியிருந்தேன்.

அந்தக் கோடையில் தண்ணி டேங்க் மோட்டார் களவு போனது. ஷெட் பூட்டை உடைத்து எடுத்திருந்தார்கள். குழாயில் தண்ணி இல்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்று கத்தினார்கள். போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். தணிகாசலம், "நான் சொல்லிக்கறேன், நீ எதுக்கு" என்றார். ஏழுமலை, "அவனுங்ககிட்ட போனா நம்ம பசங்க மேலயே கேஸ் போடுவானுங்க" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை நன்றாக விடிந்த பிறகு ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். ரேஷன் கடைக்கு எதிரே கரண்ட் கம்பத்தில் ஒரு பையனைக் கட்டிவைத்திருந்தார்கள். பேர் முருகேசன், ராமநாதபுரம் பக்கம், கார் பாகம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மோட்டார் ஷெட் வழியாகக் குறுக்கே நடந்து வந்திருக்கிறான். பையைப் பிடுங்கிக் கொட்டினால் டிபன் டப்பா, அழுக்கு யூனிஃபாரம், ஒரு ஸ்பேனர். சைக்கிளுக்காக ரூமில் இருக்கிற இன்னொருவனிடம் வாங்கியதாம். ஸ்பேனரைப் பார்த்ததும் ஊருக்குத் திருடன் கிடைத்துவிட்டான்.

வாய் ஓரத்தில் ரத்தம். என்னைப் பார்த்ததும் எப்படித்தான் தெரிந்ததோ, "யம்மா, நீங்கதான மெம்பரு? நா எடுக்கலம்மா. சாமி சத்தியமா டூட்டி முடிஞ்சுதாம்மா வாரேன். என்னைய போலீஸ்ல ஒப்படச்சிருங்கம்மா" என்றான்.

கூட்டம் சிரித்தது.

"டேய், மாமியார் வூட்டுக்குப் போவ எவ்ளோ ஆச பாரு இவனுக்கு!"

"போலீஸ் வேணுமாம்ல, போலீஸ். பிரியாணி வாங்கிக் குடுப்பாங்கன்னு நெனச்சிக்கினான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவன் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. போலீஸ் என்றால் நாங்கள் பயப்படுவோம். அவன் எங்களைப் பார்த்துப் பயந்து போலீஸைக் கேட்டான்.

தணிகாசலம் வந்தார். பின்னாலேயே ஏழுமலையும் வந்தார். கல்யாணத்தில்கூடத் தனித்தனிப் பந்தியில் உட்காருகிறவர்கள். நான் மெல்ல, "போலீஸ கூப்பிட்டுடலாமே" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் தணிகாசலம். "மோட்டார் எங்க வச்சிருக்கான்னு ரெண்டு தட்டு தட்டுனா சொல்லிடப்போறான். நாமளே முடிச்சுக்கலாம்."

"ஆமா அண்ணி. போலீஸ் வந்தா கட்டி வச்சது யாருன்னுதான் மொதல்ல கேப்பான்" என்றார் ஏழுமலை.

இரண்டு கட்சியும் ஒரே பேச்சாகப் பேசினதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். யாரோ சவுக்குக் கட்டை கொண்டுவந்தார்கள். "எந்தக் கையிலடா கழட்டுன?" என்று ஒருத்தன் கேட்டான்.

நான் பின்பக்கமாக நழுவி மளிகைக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு ரூபாய் ஃபோன் பெட்டி இருந்தது. கடைக்காரரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். நம்பர் மறக்கவில்லை. ஒரு ரூபாயைப் போட்டு அழுத்தினேன். ஓர் ஆண் குரல், "ஸ்டேஷன்" என்றது.

புதுப் பெண்களே, நன்றாகக் கேளுங்கள். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது என் பேர். நான் நினைத்தது என்ன தெரியுமா? என் பேரைச் சொன்னால் யார் மதிப்பார்கள்? எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பொம்பளை என்று ஃபோனை வைத்துவிடுவார்கள். அவர்கள் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். அது தானாக வாயில் வந்துவிட்டது.

"தணிகாசலம் வூட்லருந்து பேசறங்க. எங்க ஊர்ல ஒரு பையனக் கட்டி வச்சு அடிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வரவில்லை. தணிகாசலத்தின் செல்ஃபோன் அடித்தது. அப்போது ஊரில் அவரிடம் மட்டும்தான் செல். சத்தமாகத்தான் பேசுவார்.

"ஆங், சொல்லுங்க சார்... எங்க வூட்லருந்தா? ... அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார், சின்னப் பிரச்சன. நம்ம பசங்க பாத்துக்கறாங்க. நீங்க எதுக்கு அலையறீங்க, நான் சாயங்காலம் வந்து சொல்றேன்."

ஆளுங்கட்சிக்காரர் வீட்டு விஷயம் என்பதால் வரலாமா என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

செல்லைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "எவ எம்பேரச் சொல்லி ஃபோன் போட்டது?" என்று கத்தினார். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் ஏழுமலை. தணிகாசலத்தின் பேரை நான் சொன்னது அவருக்குத் தெரிந்தால் வீட்டில் நிற்க முடியாது. இன்னொரு தடவை ஃபோன் செய்திருக்கலாம். கூட்டத்துக்குள் போய்க் கம்பத்துக்கு முன்னால் நின்றிருக்கலாம், மெம்பர் மேல் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். இரண்டையும் செய்யவில்லை. கட்டை விழுகிற சத்தமும் அவன் "யம்மா, யம்மா" என்று கத்துவதும் கேட்டது. அம்மாவைத்தான் கூப்பிட்டானோ, என்னைத்தானோ.

கொஞ்ச நேரத்தில் ரூம் பசங்க போய்ச் சொல்லி, கம்பெனி சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "யோவ், அறிவிருக்கா? மோட்டார் போன அன்னிக்கு ராத்திரி பூரா இவன் லைன்ல நின்னான்யா, எங்கண்ணு முன்னாடி!" என்று கத்தினார். கூட்டம் கரைந்தது. ஒருவரும் கயிற்றை அவிழ்க்க வரவில்லை. அவர்தான் அவிழ்த்தார்.

மத்தியானம் அந்த ஏட்டம்மா வந்தார். யார் அனுப்பியும் இல்லை, ஒரு பொம்பளைக் குரல் ஃபோன் வந்தது என்று எழுத்தர் சொல்லக் கேட்டு, அவராகவே டிவிஎஸ் வண்டியில் வந்திருந்தார். அதற்குள் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணி கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஃபோன் பண்ணது நீதான?"

"ஆமாங்க."

"உம்பேர ஏன் சொல்லல?"

"சொன்னா வருவீங்களோ மாட்டீங்களோன்னு..."

"சொல்லிப் பாத்தியா?"

நான் அழுதேன். அவர் அழவிட்டுக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "வராமலும் போயிருப்பாங்க. எங்க ஸ்டேஷன் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆனா உம்பேரு சொல்லி நாங்க வரலேன்னா, ஏன் வரலன்னு நீ வந்து கேக்கலாம். உன்னோட சேந்து நானும் கேக்கலாம். இப்ப யாரு கேக்கறது? தணிகாசலம் பேருக்கு ஃபோன் வந்துது, தணிகாசலத்துக்கிட்ட கேட்டாங்க, வேணாம்னாரு. முடிஞ்சு போச்சு."

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். வலது கை விரல் முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல் மடங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். லைனில் வேலை போய்விட்டது. அன்று அவனுடைய அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

"தாயி, நீங்க ஒருத்தருதேன் போலீசுக்கு ஃபோன் போட்டீகளாம்ல. கூட்டத்த விட்டுக் கடைக்கு ஓடுனத பய பாத்துருக்கான். இந்தப் போலீஸ்காரங்க என்னைக்குத் தாயி நமக்கு வந்தாங்க. நீங்க நல்லாருக்கணும்."

வேறு ஒருவர் பேரில்தான் ஃபோன் போட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கேஸ் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பிழைக்க வந்த இடம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றார்.

ஆனால் ஊருக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. மெம்பரம்மா கூப்பிட்டும் போலீஸ் வரவில்லை என்று. தணிகாசலம் பேரைச் சொன்னது வேறு எவளோ என்று நினைத்துக்கொண்டார்கள். ஏழுமலைக்கு அது அல்வா மாதிரி கிடைத்தது. அடுத்த மாதமே தெருமுனைக் கூட்டம் போட்டார். கம்பத்தில் கட்டினபோது தானும் அங்கே நின்றதை அவரும் மறந்தார், ஊரும் மறந்தது.

"ஒரு பொம்பள மெம்பர், எங்க அண்ணி, ஒரு ஏழப் புள்ளையக் காப்பாத்தப் பதறியடிச்சு ஃபோன் போட்டாங்க! வந்துதா போலீஸ்? தணிகாசலம் கூப்ட்டா ஓடி வர்ற போலீஸ், எங்க அண்ணி கூப்ட்டா ஏன் வரல?"

கைதட்டு. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் எதிரில் நின்றது. அதில் ஏட்டம்மா, கையிடுக்கில் லத்தி, என்னைப் பார்த்தபடி.

"அண்ணி, நீயே சொல்லு" என்று ஏழுமலை மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். மைக்கில் பேசச் சொன்னால் ஊரைவிட்டே ஓடிவிடுவேன் என்று எழுதினேனே, அன்றைக்குப் பேசினேன்.

"ஆமா. ஃபோன் பண்ணேன். வரல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அது இத்தனை நாளாக என்னை விடவில்லை.

கூட்டம் முடிந்து பெண்கள் மேடையிலிருந்து இறங்கினோம். குழாய் பதிக்க ரோட்டோரம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஏட்டம்மா பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது கையைப் பிடித்துப் பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

"பாத்துப் போம்மா, மண்ணு சரியுது" என்றார். அவ்வளவுதான். எல்லோரிடமும் சொன்ன மாதிரியே சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் வார்டில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் நாலு பேர் ஒரு ரூமில் இருந்தார்கள். பஸ் இறங்கி வருகிற வழியில் பைக்கில் வந்து கையைப் பிடித்து இழுக்கிறான்கள் என்று என்னிடம் வந்து அழுதார்கள். ஸ்டேஷனுக்குப் போகலாம், நான் கூட வருகிறேன் என்றேன். உண்மையாகவே வருவதாக இருந்தேன். அவர்களில் மூத்தவள், "நீங்க கூப்பிட்டே வரலியாமேம்மா. மீட்டிங்ல நீங்களே சொன்னீகளாம்ல. நாங்க போயி என்னத்துக்கு?" என்றாள். அந்த வாரமே ரூமைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள், அங்கே என்ன ஆனார்கள், தெரியாது.

மோட்டாரை யார் எடுத்தார்கள் என்றும் தெரியாது. எழுதிக் கொடுத்தால்தானே தேடுவார்கள்.

போலீஸ் நல்லவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நாற்காலியைப் போட்டு வைத்தவர்கள் அவர்கள்தான். ஊரே சேர்ந்து ஒருவனை அடிக்கிற இடத்துக்கு, வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். நான் சொல்வது உங்களுக்கு. அவர்கள் வர மாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு வேறு ஒருவர் பேரில் கூப்பிடாதீர்கள். பேரைச் சொல்லுங்கள், வார்டு நம்பரைச் சொல்லுங்கள், எடுத்தவர் பேரையும் கேளுங்கள். வரவில்லை என்றால் நேரே போய் நில்லுங்கள். போய் நிற்க முடியாத அளவுக்குப் பயமாக இருந்தால், பயம் என்று ஊருக்குச் சொல்லுங்கள். போலீஸ் வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

ஏழுமலையும் இல்லை, தணிகாசலமும் இல்லை, இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதனால்தான் எழுதத் தைரியம் வந்தது. அதுவும் ஒரு வெட்கக்கேடுதான்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். மோட்டார் போனது சித்திரையிலா வைகாசியிலா, கூட்டம் அதற்கு அடுத்த மாதமா இல்லை இன்னும் தள்ளியா, எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த ஏட்டம்மா மாற்றலாகிப் போனவர், ரிடையர் ஆகிச் செங்கல்பட்டுப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். உங்களில் யாராவது விசாரித்துப் போய் இதைப் படித்துக் காட்டி, நடந்தது இப்படித்தானா என்று கேளுங்கள். நான் எழுதினதும் அவர் சொல்வதும் மாறினால், அவர் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது என் பேரைச் சொல்லுங்கள்.